சிறுநீரில் ரத்தம் தெரிந்த நாள் முதல் யூராலஜி மருத்துவரைச் சேரும் வரை: இராமநாதபுரம் கடற்கரையோருக்கான சிறுநீரகப் புற்றுநோய் வழிகாட்டி

சிறுநீரகப் புற்றுநோயை வீட்டில் இருந்தபடி யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் எந்த அறிகுறியை அலட்சியம் செய்யக் கூடாது, எந்தப் பரிசோதனை எதற்கு முன்னால் நடக்க வேண்டும், எந்த மருத்துவரிடம் போய் நிற்க வேண்டும் என்ற மூன்றையும் சரியாகச் செய்தால், வீணாகும் பல மாதங்களை மிச்சப்படுத்தலாம். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை பக்கத்திலிருந்து மதுரைக்கு நோயாளிகளுடன் துணைக்குச் சென்று வருபவன் என்ற முறையில், எந்த இடத்தில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள் என்பதைப் பார்த்து வருகிறேன். அந்த இடங்களில் மட்டும் இந்த வழிகாட்டி சற்று விரிவாக நிற்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரில் ரத்தம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. கல், கிருமித்தொற்று, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் ஆகியவையே பொதுவான காரணங்கள். ஆனால் அது கல்தான் என்பதைச் சொல்ல வேண்டியது பரிசோதனை. பக்கத்து வீட்டுக்காரரோ மருந்துக் கடைக்காரரோ அனுபவத்தை வைத்துச் சொல்வது போதாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் பெறும் வருமானச் சான்று ஆகிய மூன்றையும் நகலுடன் ஒரே பையில் வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்த பிறகு வருமானச் சான்றுக்கு அலையும் குடும்பங்களே அதிகம். குடும்பத் தலைவர் கேரளத்துத் துறைமுகத்தில் தொழிலில் இருந்தால், அவருடைய கைரேகையும் கையெழுத்தும் கிடைப்பதற்குள் மேலும் நாள்கள் கழிந்துவிடுகின்றன.

அடுத்தது பழைய மருத்துவத் தாள்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கு வந்து தரும் மாத்திரைகளின் அட்டை, முன்பு எடுத்த ஸ்கேன் ஏதேனும் இருந்தால் அதன் அறிக்கை, தற்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகள் ஆகியவற்றை அதே பையில் சேருங்கள். நாட்டு மருந்தும் லேகியமும் சாப்பிடுபவர்கள் அதையும் மறைக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். சில பொடிகள் சிறுநீரகத்தையே பாதிக்கும் என்பதால் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

1. எவற்றை அறிகுறியாக எடுத்துக்கொள்வது

முதன்மையான அறிகுறி வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போவது. இளஞ்சிவப்பாகவோ, சிவப்பாகவோ, கடும் தேநீர் நிறத்திலோ இருக்கலாம். சில நேரம் மண்புழு போல நீண்ட ரத்தக்கட்டிகளும் வெளிவரும். அந்த நீண்ட வடிவம், ரத்தம் சிறுநீர்ப்பைக்கு மேலே, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் உறைந்து வந்திருக்கலாம் என்பதற்குக் குறிப்பு. எனவே வெட்கப்படாமல் மருத்துவரிடம் கட்டியின் வடிவத்தையும் சொல்ல வேண்டும்.

இந்த ரத்தம் விட்டுவிட்டு வரும். இரண்டு நாள் வந்துவிட்டு நின்றுபோகும். பிறகு பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஒன்றும் தெரியாது. இந்தக் கரையில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ரத்தம் வந்த அன்று வாழைத்தண்டுச் சாறு குடித்திருப்பார்கள், அல்லது நெருஞ்சில் கஷாயம் வைத்துக் கொடுத்திருப்பார்கள்; மூன்றாம் நாள் சிறுநீர் தெளிவானதும் மருந்து கேட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடுவார்கள். எதுவும் குடிக்காமல் இருந்திருந்தாலும் அது நின்றிருக்கும். ஒருமுறை கண்ணால் பார்த்த ரத்தம், அதன் பிறகு வராமலே போனாலும், காரணம் தேடப்பட வேண்டிய ஒன்று.

வெயிலில் கடலில் நின்று, போதுமான தண்ணீர் குடிக்காமல், வலை இழுத்துவிட்டு வருபவருக்குச் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது வழக்கம். அதையும் ரத்தத்தையும் பிரித்தறிய ஓர் எளிய வழி, கரைக்கு வந்து நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகு நிறத்தைக் கவனிப்பது. நீர் குறைவால் வந்த நிறம் வெளுத்துவிடும். பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை சாப்பிட்டாலும் சிறுநீர் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ மாறும். இவை இரண்டும் இல்லாமல் நிறம் மாறியிருந்தால், ஊகத்தை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டாவது, விலாவுக்குக் கீழே ஒரு பக்கத்தில் விடாமல் இருக்கும் மந்தமான வலி. கல்லடைப்பின் வலி வேறு. அது அலையலையாக வந்து, ஆளை ஓரிடத்தில் இருக்க விடாமல் புரட்டி, தொடை இடுக்குவரை இறங்கும். கட்டியின் வலி பெரும்பாலும் அப்படித் துடிக்க வைக்காது. பாரம் தூக்குவதாலும் வலை இழுப்பதாலும் வரும் இடுப்பு வலியோடு இது எளிதில் கலந்துவிடுகிறது. வேலை இல்லாத நாளிலும், படுத்து ஓய்வெடுத்த பிறகும், அதே இடத்தில் அதே வலி நீடித்தால் அதைத் தொழில் வலி என்று ஒதுக்கக் கூடாது. கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது வலியை மறைப்பதோடு, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மூன்றாவது, வயிற்றின் பக்கவாட்டில் கையில் தட்டுப்படும் கட்டி. ரத்தம், வலி, கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது பத்து நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவு. அப்படி வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே மூன்றும் சேரட்டும் என்று காத்திருப்பதில் பொருளே இல்லை.

இவை தவிர, சிறுநீரகத்தோடு தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் சில அறிகுறிகளும் உண்டு. காரணம் தெரியாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்ப்பது, ரத்தசோகை, மாத்திரைக்கு அடங்கிக்கொண்டிருந்த ரத்த அழுத்தம் திடீரென ஏறுவது, இரண்டு கால்களிலும் வீக்கம் ஆகியவை அவற்றில் சில. சிலருக்கு இதற்கு நேர்மாறாக ஹீமோகுளோபின் இயல்பைவிடக் கூடிவிடும். ரத்தத்தில் கால்சியம் கூடுவதும் உண்டு. சிறுநீரகக் கட்டி சில வேதிப்பொருள்களைச் சுரப்பதால் இப்படி நேர்கிறது.

ஆண்கள் சொல்லத் தயங்கும் ஓர் அறிகுறியைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். நடுவயதில் புதிதாக விதைப்பையில், குறிப்பாக இடப்பக்கத்தில், நரம்பு சுருண்டு வீங்குவதும், படுத்தாலும் அது வடியாமல் இருப்பதும் சிறுநீரகக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். இடப்பக்க விதையின் ரத்தக்குழாய் இடச் சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில்தான் போய்ச் சேர்கிறது. மேலே அடைப்பு ஏற்பட்டால் கீழே வீங்கும். நங்கூரம் தூக்கியதால் குடல் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இதை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு.

பெண்களிடம் வேறு விதமான குழப்பம் இருக்கிறது. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாதி நாள் இடுப்பளவு நீரில் நிற்பவர்கள். சிறுநீர் கழிக்க இடமில்லாமல் அடக்கி வைத்து, அடிக்கடி கிருமித்தொற்றுக்கு ஆளாகிறார்கள். அதனால் ரத்தம் தெரிந்ததும் மீண்டும் நீர்க்கடுப்பு என்று நினைத்து, பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிவிடுகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உள்ளாடையில் கறை தெரிந்தால், அது சிறுநீர் வழியாக வந்ததா, கர்ப்பப்பை வழியாக வந்ததா என்று சொல்வதே கடினம். இரண்டுமே பரிசோதிக்க வேண்டியவைதான்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிறு ஒரு பக்கமாக மேடிட்டுத் தெரிந்தால், அது பெரியவர்களுக்கு வரும் நோயல்ல. வில்ம்ஸ் கட்டி எனப்படும் குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோயாக இருக்கலாம். வீட்டில் ஆளாளுக்கு அழுத்திப் பார்க்கக் கூடாது, ஏனெனில் கட்டி உள்ளே கிழிய வாய்ப்புண்டு. இந்தக் குழந்தையைக் கீழே சொல்லும் படிகளுக்காகக் காத்திருக்க வைக்காமல், நேரே குழந்தைகள் மருத்துவப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

2. அன்றைக்கே எழுதி வைத்தல்

ரத்தம் பார்த்த தேதி, நிறம், வலி இருந்ததா, கட்டி வந்ததா, சிறுநீரின் தொடக்கத்தில் வந்ததா, முடிவில் வந்ததா, முழுவதுமா என்பவற்றை அன்றே எழுதுங்கள். தொடக்கத்தில் மட்டும் வந்தால் சிறுநீர்த்தாரை, அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயின் பக்கமும், முழுவதும் கலந்து வந்தால் சிறுநீர்ப்பை அல்லது சிறுநீரகப் பக்கமும் மருத்துவரின் கவனம் திரும்பும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. மருத்துவரைப் பார்க்கும் நாளில் சிறுநீர் தெளிவாகத்தான் இருக்கும், அப்போது வாய்ச்சொல்லைவிடப் படம் பேசும்.

அதே தாளில் பீடி அல்லது சிகரெட் பழக்கம் எத்தனை ஆண்டு என்பதையும், தாய், தந்தை, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது சிறுநீரகக் கட்டி இருந்ததா என்பதையும் சேருங்கள். புகைப்பழக்கம், உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம் மூன்றும் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. நீண்ட காலம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. வான் ஹிப்பெல்-லிண்டாவ் போன்ற பரம்பரை நோய் உள்ள குடும்பங்களில் இளம் வயதிலேயே, இரண்டு சிறுநீரகங்களிலும்கூட வரலாம்.

3. இன்றே போவதா, இந்த வாரத்துக்குள் போவதா

ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டு சிறுநீரே வராமல் போனால், குளிரோடு காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்தால், தலைசுற்றி மயக்கம் வந்தால், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கர்ப்பிணிக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தாலும் அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

மற்றபடி வலியில்லாத ரத்தத்துக்கு நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்த வாரத்தைத் தாண்டவும் கூடாது. பாக் நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு இருக்கிறது. தொழில் இல்லாத நாள் எப்படியும் ஒன்று கிடைக்கும். அதை விட்டுவிட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்கு மருத்துவத்தைத் தள்ளிவைப்பது இங்கே ஊறிப்போன வழக்கம். குடலிறக்கத்துக்கு ஒருவேளை அது பொருந்தலாம். அக்டோபரில் ரத்தம் பார்த்தவர் ஏப்ரல்வரை காத்திருப்பது இந்த நோய்க்குப் பொருந்தாது.

4. சிறுநீர்ப் பரிசோதனையை முறையாகச் செய்தல்

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த முதல் படியை முடிக்கலாம். கேட்க வேண்டியது நுண்ணோக்கியில் பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனையும், கிருமி வளர்ப்புப் பரிசோதனையும். நிறம் மாறும் பட்டையை மட்டும் நனைத்துப் பார்ப்பது போதாது. தசை சிதைந்து வரும் பொருளுக்கும் அந்தப் பட்டை ரத்தம் என்றே காட்டும். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப்புலத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் சிவப்பணுக்கள் இருந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய ரத்தப்போக்கு.

முதலில் வரும் சிறிதளவை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுவது நல்லது. வெயிலில் பையில் கிடந்த சிறுநீரில் அணுக்கள் உடைந்து, கிருமி பெருகி, முடிவு பொய்யாகிவிடும். தனுஷ்கோடிப் பக்கத்திலோ தீவுப் பகுதிகளிலோ இருப்பவர்கள் வீட்டில் பிடித்துக் கொண்டுவராமல் ஆய்வகத்திலேயே பிடித்துக் கொடுப்பதுதான் சரி. மாதவிடாய் நாள்களைத் தவிர்க்க வேண்டும்.

இங்கே வரிசை முக்கியம். கிருமி வளர்ப்புக்குச் சிறுநீரைக் கொடுத்த பிறகே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். மாத்திரையை முதலில் விழுங்கிவிட்டால், கிருமி இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். கிருமி இருந்து மருந்து சாப்பிட்டால், மருந்து முடிந்த பிறகு மீண்டும் ஒருமுறை சிறுநீரைப் பரிசோதித்து ரத்தம் மறைந்துவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். இந்த இரண்டாம் பரிசோதனையை ஏறக்குறைய எல்லோருமே விட்டுவிடுகிறார்கள். கிருமித்தொற்றும் கட்டியும் ஒருவருக்கே இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுபவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால், மாத்திரையால் வந்தது என்று பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு புண்ணையோ கட்டியையோ அந்த மாத்திரை வெளிக்காட்டியிருக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தவும் கூடாது, இதயத்துக்கு ஆபத்து.

5. ஸ்கேன்: எது முதலில், எது முடிவானது

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதைக் காட்டும் அளவு), ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, வயிற்று அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுப்பது வழக்கமான முதல் படி. கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, இராமநாதபுரத்திலேயே முடியும். வெறும் வயிற்றில் போய், சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும்; பை காலியாக இருந்தால் அதன் உட்சுவர் சரியாகத் தெரியாது, இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் கோப்பை மூடிவிடுவது பெரிய பிழை. மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகள் இதில் தவறிப்போக வாய்ப்புண்டு. கட்டியின் நிறமும் சிறுநீரகத்தின் நிறமும் படத்தில் ஒன்றாகவே தெரியலாம், பருமனான உடலிலும் வாயு நிறைந்த வயிற்றிலும் பார்வை மங்கும். கண்ணால் பார்த்த ரத்தத்துக்கு அல்ட்ராசவுண்டு காரணம் காட்டவில்லை என்றால், அடுத்தது சிடி ஸ்கேன்.

சிடியிலும் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். கல் பார்ப்பதற்காக எடுக்கும் சிடியில் ஊசிமருந்து ஏற்றுவதில்லை. அது கல்லைத் துல்லியமாகக் காட்டும், கட்டியைப் பற்றி உறுதியாகச் சொல்லாது. கட்டியைச் சோதிக்கக் கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி, மருந்து போவதற்கு முன்னும் பின்னும் பல கட்டங்களாகப் படம் எடுக்க வேண்டும். உயிருள்ள கட்டி மருந்தை உறிஞ்சிப் பிரகாசமாகும், சாதாரண நீர்க்கட்டி ஆகாது. “சிடி எடுத்தாயிற்று, நார்மல்” என்று சொல்பவரின் அறிக்கையை வாங்கிப் பார்த்தால், பல நேரங்களில் அது கல்லுக்காக எடுத்த சிடியாகத்தான் இருக்கிறது.

கான்ட்ராஸ்டுக்கு முன்னால் கிரியாட்டினின் முடிவு கையில் இருக்க வேண்டியதன் காரணம், சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அந்த மருந்து அதை மேலும் பாதிக்கலாம் என்பதே. ஆஸ்துமா, முன்பு ஊசிமருந்துக்கு ஏற்பட்ட ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், அதைச் சில நாள் நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கான்ட்ராஸ்ட் சிடி பொருந்தாதவர்களுக்கு எம்ஆர்ஐ ஒரு மாற்று.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும் புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் சிறுநீர்ப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் தேவைப்படலாம். ரத்தம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலிருந்தும் வந்திருக்கக் கூடும். அதன் தொடக்கநிலையை ஸ்கேன் காட்டாமல் விட்டுவிடலாம்.

6. அறிக்கையில் வரும் சொற்களைக் கண்டு பதறாமல் இருத்தல்

‘சிம்பிள் சிஸ்ட்’ என்றால் சாதாரண நீர்க்கட்டி. வயது ஏற ஏறப் பலருக்கும் இருக்கும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்பது சிறுநீர் வடியாமல் சிறுநீரகம் வீங்கியிருப்பது. கட்டி என்று பொருளல்ல, அடைப்பு எங்கே என்று பார்க்க வேண்டும் என்று பொருள். ‘ஆஞ்சியோமயோலைப்போமா’ என்பது கொழுப்புச் சேர்ந்த, புற்றல்லாத கட்டி. பெரிதானால் ரத்தம் கசியலாம் என்பதால் மட்டும் கண்காணிப்பார்கள்.

நீர்க்கட்டியின் பக்கத்தில் ‘பாஸ்னியாக்’ என்று எண் போட்டிருந்தால், அது நீர்க்கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பை வைத்துத் தரும் வகை எண்; ஒன்றும் இரண்டும் கவலையற்றவை. இரண்டு எஃப் என்பதைக் குறித்த இடைவெளியில் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றும் நான்கும் இருந்தால் அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். ‘என்ஹான்சிங் மாஸ்’ அல்லது ‘சாலிட் லீஷன்’ என்றால், மருந்தை உறிஞ்சும் திடக்கட்டி. தாமதிக்காமல் அடுத்த படிக்குப் போங்கள். ஆனால் அதுவும் இறுதித் தீர்ப்பு அல்ல. நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றல்லாததாகவே இருக்கிறது.

வெளிநாட்டு வேலைக்கான உடல்பரிசோதனையிலோ, வளைகுடா நாட்டில் வயிற்றுவலிக்கு எடுத்த ஸ்கேனிலோ இப்படி ஒரு வரி இருப்பதை, ஊர் திரும்பி மாதங்கள் கழித்துக் கவனிப்பவர்கள் கீழக்கரை, தொண்டி பக்கத்தில் உண்டு. ஸ்கேன் வசதி பரவலாக உள்ள நாடுகளில், சிறுநீரகப் புற்றுநோய்களில் பாதிக்கும் மேல் இப்படித் தற்செயலாகத்தான் தெரிய வருகின்றன. எந்த அறிகுறியும் இல்லையே என்று அந்த வரியைக் கடந்துபோகக் கூடாது. அறிகுறி வருவதற்கு முன் கிடைத்த கட்டிதான் எளிதில் குணமாகும் கட்டி.

7. எந்த மருத்துவர், எந்த ஊர்

‘கிட்னி டாக்டர்’ என்று விசாரித்துப் போனால் பாதிப் பேர் தவறான வரிசையில் நிற்பார்கள். சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் ஆகியவற்றைப் பார்ப்பவர் நெஃப்ராலஜி மருத்துவர். கட்டி, கல், சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சை ஆகியவற்றைப் பார்ப்பவர் யூராலஜி மருத்துவர். சிறுநீரகக் கட்டிக்கு முதலில் பார்க்க வேண்டியவர் யூராலஜி மருத்துவரே. நோய் பரவியிருந்தால் மருந்து சிகிச்சைக்குப் புற்றுநோய் மருத்துவரும், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் நெஃப்ராலஜி மருத்துவரும் பிறகு சேர்ந்துகொள்வார்கள்.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதற்கட்டப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, பரிந்துரைக் கடிதத்துடன் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் யூராலஜி பிரிவுக்குச் செல்வது இந்தப் பகுதியினருக்கு நேரான வழி. இராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். புறநோயாளிச் சீட்டு காலையில் தருவது, சிறப்புப் பிரிவுகளுக்குக் குறிப்பிட்ட நாள்கள்தான் உண்டு. எந்தக் கிழமை என்பதைப் புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். முந்தைய இரவே மதுரையில் தங்கிவிடுவது, விடியற்காலை வண்டி பிடித்துப் பத்து மணிக்குச் சீட்டு வரிசையின் கடைசியில் நிற்பதைவிட மேல்.

காப்பீட்டு அட்டையுடன் தனியார் மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால், அது திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா, யூராலஜிக்கும் சேர்ந்ததா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். இது முன்அனுமதி பெற்ற பிறகே சிகிச்சை தொடங்கும் திட்டம். கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டுப் பிறகு அட்டையை நீட்டுபவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைப்பதில்லை.

ஸ்கேனின் படத்தாள் மட்டும் போதாது. முழுப் படத்தொகுப்பும் அடங்கிய குறுந்தகட்டை ஸ்கேன் மையத்தில் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அறுவை மருத்துவர் கட்டி எந்த ரத்தக்குழாயை ஒட்டியிருக்கிறது என்பதை ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தே முடிவு செய்வார். அது இல்லாமல் போனால் மீண்டும் ஒரு சிடி, மீண்டும் ஒரு கான்ட்ராஸ்ட் ஊசி, மீண்டும் ஒரு பயணம்.

8. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பேசத் தெரிந்த ஒருவர் உடன் போவது அவசியம். நோயாளி கடலில் எவ்வளவு பெரிய அலையைப் பார்த்தவராக இருந்தாலும், அந்த அறைக்குள் போனதும் “சரிங்க டாக்டர்” என்பதைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்.

முதல் கேள்வி, கட்டியின் அளவும் நிலையும். ஏழு சென்டிமீட்டர் வரை இருந்து சிறுநீரகத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் முதல் நிலை. அதைவிடப் பெரிதாகியும் உள்ளேயே இருந்தால் இரண்டாம் நிலை. பெரிய ரத்தக்குழாய்க்குள்ளோ சுற்றியுள்ள கொழுப்புக்குள்ளோ அருகிலுள்ள நெறிக்கட்டிக்கோ போயிருந்தால் மூன்றாம் நிலை. அந்தக் கொழுப்பையும் சேர்த்து மூடியிருக்கும் வெளிச் சவ்வைத் தாண்டியோ நுரையீரல், எலும்பு போன்ற தொலைவான உறுப்புகளுக்கோ போயிருந்தால் நான்காம் நிலை. நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மார்புக்கும் சிடி எடுப்பார்கள்.

இரண்டாம் கேள்வி, முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்பது. நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில், இடம் அனுமதித்தால், கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மீதியைக் காப்பாற்றுவதே விரும்பத்தக்க முறை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இந்த மீதி பின்னாளில் மிகவும் உதவும். முழுவதையும் எடுக்க வேண்டி வந்தாலும், மற்றொன்று நன்றாக இயங்கினால் ஒரு சிறுநீரகத்தோடு இயல்பாக வாழலாம். ஒன்றை எடுத்தால் தொழிலுக்குப் போக முடியாது என்ற பயத்தில் கையெழுத்துப் போடாமல் ஊர் திரும்புகிறவர்கள், முதலில் மற்றதன் நிலையைக் கேட்டுவிட்டுத் திரும்பட்டும்.

மூன்றாவது, பயாப்சி. மற்றப் புற்றுநோய்களைப் போல இதற்கு எப்போதும் முன்கூட்டியே தசை எடுத்துச் சோதிப்பதில்லை. சிடியே பெரும்பாலும் போதுமான அளவு சொல்லிவிடும். பயாப்சி எடுக்காமல் அறுவை சிகிச்சைக்குச் சொல்கிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம், காரணத்தை மட்டும் கேளுங்கள். அதேபோல, பயாப்சி தேவை என்று சொன்னால், ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று அஞ்சி மறுக்கவும் வேண்டாம். அப்படி நேர்வது மிக அரிது.

நான்காவது, பரவிய நிலையில் என்ன மருந்து என்பது. வழக்கமான கீமோதெரபி இந்தப் புற்றுநோய்க்குப் பெரிதாகப் பலன் தருவதில்லை. சுனிட்டினிப், பசோப்பானிப் போன்ற மாத்திரைகளும், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகளும்தான் பயன்படுகின்றன. இவற்றில் சில மிக விலை உயர்ந்தவை என்பதால், எது காப்பீட்டில் வரும், எது வராது என்பதை நிலத்தையோ நகையையோ அடகு வைக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடிவெடுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு இன்னொரு யூராலஜி மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம்வரை போகிறவர்களும் உண்டு. ஆனால் இரண்டாம் கருத்துக்குப் பிறகு மூன்றாம், நான்காம் கருத்து என்று போவதும், நடுவில் மூலிகை வைத்தியத்துக்காக மூன்று மாதம் ஒதுக்குவதும், முதல் நிலையில் இருந்த கட்டியை அடுத்த நிலைக்குக் கொண்டுபோகக் கூடும்.

9. அறுவைக்குப் பின்னும், காத்திருக்கச் சொன்னாலும்

வெட்டியெடுத்த கட்டியின் நோய்க்குறியியல் அறிக்கையை வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள். அது வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். தையல் பிரிக்க வரும் நாளில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஸ்கேன் எத்தனை மாதத்தில், கூடுதல் மருந்து தேவையா என்பவை அந்தத் தாளை வைத்தே தீர்மானிக்கப்படும். அதன் பிறகு கிரியாட்டினினும் ரத்த அழுத்தமும் வாழ்நாள் முழுவதும் பார்க்கப்பட வேண்டியவை. வலிமாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் அன்றோடு முடிந்துவிட வேண்டும். கனமான வலை இழுப்பதற்கும் பாரம் தூக்குவதற்கும் எப்போது திரும்பலாம் என்பதை அறுவை செய்தவரிடமே கேளுங்கள், ஏனென்றால் வயிற்றைத் திறந்து செய்ததா, துளையிட்டுச் செய்ததா என்பதைப் பொறுத்து அது மாறும்.

வயதானவருக்கோ இதயநோய் உள்ளவருக்கோ சிறிய கட்டி இருந்தால், உடனே அறுக்காமல் கண்காணிக்கலாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். இதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் இத்தகைய கட்டிகளில் பல மிக மெதுவாகவே வளர்கின்றன, அறுவையின் ஆபத்து கட்டியின் ஆபத்தைவிடக் கூடுதலாக இருக்கும்போது காத்திருப்பதே சிகிச்சை. ஆனால் இந்த ஏற்பாடு அடுத்த ஸ்கேன் தேதியைத் தவறவிடாதவருக்கு மட்டுமே பொருந்தும். தேதியை வீட்டு நாள்காட்டியில் குறிப்பதோடு, கடலுக்குப் போகாத இன்னொருவரின் கைப்பேசியிலும் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே மையத்தில், அதே வகை ஸ்கேனை எடுத்து, பழைய குறுந்தகட்டையும் கையில் கொண்டுபோனால்தான், கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதை மருத்துவர் பக்கத்தில் பக்கம் வைத்து அளந்து சொல்ல முடியும்.